பிளாஸ்க் சாருக்கென்று ஒரு சாவி

எதிர் மாடியில் குடியிருந்த பழனிக்குமாருக்கு கேஸ் சிலிண்டர் தீர்வதே இல்லை. இதை நான் வேவு பார்த்துத் தெரிந்துகொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம். சிலிண்டர் வண்டி எங்கள் வாசலில்தான் நிற்கும். எந்த வீட்டுக்கு இறங்குகிறது என்பது கண்ணில் படத்தானே செய்யும்? எங்கள் வீட்டில் இரண்டு தீர்ந்த பிறகும் அந்த மாடிக்கு ஒன்று ஏறவில்லை. ஒரு மனிதர் ஒரு சிலிண்டரை அவ்வளவு காலம் வைத்து ஓட்டுகிறார் என்றால், தனக்கு மட்டும் சமைக்கிறார், அதையும் பாதி நாள் செய்வதில்லை என்று அர்த்தம்.

ஆள் பழனிப் பக்கத்து ஆயக்குடிக்காரர். நாற்பதைத் தாண்டியவர். கல்யாணமாகி முறிந்ததா, ஆகவே இல்லையா என்பதை மட்டும் என்னால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அது எனக்கு ஒரு குறைதான். என்ன வேலை என்று கேட்டதற்கு, கப்பல் கம்பெனி என்றார். கொடைக்கானலில் கப்பலா! ஏரியில் விடுகிற படகைத்தான் சொல்கிறாரோ என்று தெருவே சிரித்தது.

பிறகுதான் விஷயம் பிடிபட்டது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, கையுறை என்று சகல சாமானும் ஏற்றிக்கொடுக்கிற கம்பெனி அது. பூண்டிப் பக்கத்துக் காரட்டும் மலைப்பூண்டும் இங்கே சுத்தமாகி, மூட்டையாகி, லாரியில் இறங்கிப் போய்க் கப்பலேறுகின்றன. கப்பல்காரர்களுக்கு இப்போது ஒரு புது ரோஷம் வந்திருக்கிறது. சரக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதாதாம். அதை விற்கிறவர் நேர்மையாக நடக்கிறாரா, வேலை செய்கிறவர்களை மனுஷராக நடத்துகிறாரா, அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் உண்டா, ஒதுங்க இடம் உண்டா என்றெல்லாம் ஒருவர் நேரில் பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டுமாம். அப்படி எழுதாவிட்டால் ஒரு வெங்காயம்கூடக் கப்பலேறாது. இந்த மலையில் அப்படிப் பார்த்து எழுதுகிறவர் பழனிக்குமார்.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. விற்கிறவர் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. வேட்டி, கடிகாரம் கூடாதென்றால் சரி, நியாயம். ஒரு வாய் டீகூடக் கூடாதாம். எங்கள் ஊரிலோ காரட் விற்கிறவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் கோடு போடவே முடியாது. பால் ஊற்றுகிற பொன்னுவேலின் பிக்கப் வண்டி சாயங்காலம் பூண்டு மூட்டை ஏற்றும். என் நாத்தனாருக்குக் காரட் தோட்டம். மனிதர் யோசித்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் எதுவும் வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொண்டுபோனேன். கதவைப் பாதி திறந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்குங்கக்கா. ரூல்ஸ் அப்படி."

"நான் எந்தக் கப்பலுக்கு என்னத்த ஏத்துறேன்? வீட்டுல சுட்ட கேக்குங்க."

"உங்க நாத்தனார் காரட் அனுப்புறாங்கள்ல."

"அவ எனக்கே ஒரு காரட் குடுக்கமாட்டா. அவளால எனக்கு இது வேறயா?"

சிரித்தார். சிரித்தாரே தவிர, கையை அவிழ்க்கவில்லை.

சரி, வாங்கத்தான் மாட்டார், கொடுக்கவாவது கொடுப்பாரா என்றால் அதுவும் இல்லை. ஆயக்குடியிலிருந்து அவருடைய அண்ணன் சாக்கு நிறையக் கொய்யா அனுப்புவார். ஒரு ஆள் எத்தனை கொய்யா தின்ன முடியும்? மாடியில் அவை கனிந்து, வாசனை தெருவுக்கு இறங்கி, பிறகு அந்த வாசனை நாற்றமாகும். "எங்களுக்கு நாலு குடுத்தா என்ன சார்?" என்று நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "குடுத்தா நீங்க பதிலுக்கு ஏதாச்சும் கொண்டாந்து நிப்பீங்கக்கா, அத வாங்காம எப்படி இருக்க?" என்றார். அழுகிய கொய்யாவை ஒரு பையில் கட்டி, விடியும் முன்னே அவரே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போடுவார். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். பாவம் ஒருபக்கம், எனக்குக் கொய்யா பிடிக்கும் என்பது இன்னொரு பக்கம்.

எங்கே போனாலும் கழுத்தில் வார் போட்டுப் பிளாஸ்க் ஒன்று தொங்கும். டீ, தண்ணீர் எல்லாம் அதில்தான். ஊர் அவருக்கு பிளாஸ்க் சார் என்று பெயர் வைத்துவிட்டு, மெல்ல அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டது. எவரிடமும் எதையும் வாங்காத ஆளிடம் என்னத்தைப் பேச? கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால் சாப்பிட வரமாட்டார். சாவுக்கு வந்தால் காப்பி குடிக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி ஜன்னலில் மேகம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நானும் என் ஜன்னலில் இருப்பேன் என்பதால்தான் இது தெரியும்.

அவர் வாய்விட்டுப் பேசிய வீடு ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கிற புஷ்பமேரியின் வீடு.

புஷ்பமேரிக்கு வீட்டை ஒட்டியே ஒரு ஷெட். பெண்கள் உட்கார்ந்து பூண்டுக்கு வேர் நறுக்கி, தோல் உதிர்த்து, காரட்டைத் தரம் பிரிப்பார்கள். புருஷன் பஸ் டிரைவராக இருந்து காலமானவர். ஒரே மகன் அமல், கப்பலில் என்ஜின் ரூமில் வேலை. நடுக்கடலுக்குப் போய்விட்டால் மாதக்கணக்கில் போன் வராது. அதனால்தான் அவள் கப்பலுக்குச் சரக்கு அனுப்பவே பிரியப்பட்டாள். "எந்தக் கப்பலுக்குப் போவுதுன்னு நமக்குத் தெரியுமா? ஒருநாள் இல்ல ஒருநாள் எம்மவன் தட்டுல நம்ம பூண்டு விழுகாதா?" என்பாள். உலகத்தில் எத்தனை கப்பல் ஓடுகிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பழனிக்குமார் மாதம் ஒருமுறை ஷெட்டைப் பார்க்க வருவார். எங்கள் சௌசௌ பந்தலுக்கு இந்தப் பக்கம் நான் காய் பறித்துக்கொண்டிருப்பேன். அந்த ஒரு நாளில் எனக்கு எத்தனை சௌசௌ தேவைப்படும் என்பதை வைத்து யாரும் என்னைக் கேலி செய்ய வேண்டாம். வேலை முடிந்ததும் வராந்தாவில் உட்காருவார். புஷ்பமேரி ஷோகேஸிலிருந்து பூப்போட்ட கப்பை எடுத்து டீ ஊற்றி அவர் முன்னால் வைப்பாள். அவர் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் தன் டீயை ஊற்றிக்கொள்வார். ரெண்டு டீயும் பக்கத்தில் பக்கத்தில் ஆவி விடும். பூப்போட்ட கப்பு ஆறி, ஏடு கட்டும். ஒருதடவையாவது அவள் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டதில்லை. ஒருதடவையாவது டீ போடாமல் இருந்ததும் இல்லை.

பிறகு அவர் போனை எடுப்பார். கப்பல்கள் எங்கே போகின்றன என்று காட்டுகிற படம் அதில் உண்டு. நீலக் கடலில் சின்னதாக ஒரு புள்ளி.

"இதாங்க உங்க பையன் கப்பல். ஆப்பிரிக்காவுக்குக் கீழ சுத்திக்கிட்டு இருக்கு."

"போன மாசமும் இங்கிட்டுத்தான இருந்துச்சு?"

"இல்லைங்க, அது அந்தப் பக்கம். நெறைய வந்துட்டாப்ல."

அவள் அந்தப் புள்ளியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பாள். அவர் அவளைப் பார்க்காமல் மலையைப் பார்ப்பார். வெளிச்சம் மங்குகிறவரை உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேர் நாலுவிதமாகப் பேசினார்கள். நான் பேசவில்லை. அந்த நாலு பேருக்கு விவரம் மட்டும் சொன்னேன்.

இனி அந்தக் கழிப்பறை விஷயத்துக்கு வருகிறேன்.

ஷெட்டில் வேலை செய்கிற பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. பின்னால் மரங்களுக்குள்தான் போவார்கள். காட்டுமாடு நடமாடுகிற இடம். ஆகையால் ஜோடியாகப் போய், ஒருத்தி கம்போடு காவல் நிற்பாள். பழனிக்குமார் முதல் தடவையே சொல்லிவிட்டார்: கழிப்பறை கட்டாவிட்டால் கப்பலுக்குச் சரக்கு கிடையாது. புஷ்பமேரி நகையை அடகு வைத்துக் கட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, என் வீட்டில்கூட அப்படி இல்லை. இளநீல டைல்ஸ், கண்ணாடி, புது சோப்பு, மடித்த துண்டு, மூலையில் ஒரு பிளாஸ்டிக் ரோஜா. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்காததுதான் பாக்கி.

அவரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிளாஸ்க் நிறைய டீ குடிக்கிற மனிதர், அதுவும் கொடைக்கானல் குளிரில். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது அதைத்தான் உபயோகிப்பார். வேலையாட்களிடம் "டாய்லெட் இருக்குங்களா?" என்று கேட்பார். "இருக்குங்க சார்" என்பார்கள். பொம்பளைகளிடம் அதற்கு மேல் கேட்க அவருக்குக் கூச்சம், சொல்ல அவர்களுக்குக் கூச்சம். எழுதிக்கொடுத்தார். சரக்கு கப்பலேறியது.

ஜனவரியில் ஜென்சி என்று ஒரு பெண் வந்தது. சென்னை ஆபீஸில் பெரிய உத்தியோகம், சின்ன வயசு. பழனிக்குமார் எழுதியதெல்லாம் சரிதானா என்று பார்க்கிற வேலை. வேலையாட்களிடம் பேசும்போது முதலாளியும் கூட இருக்கக் கூடாது, பழனிக்குமாரும் கூட இருக்கக் கூடாது என்று அவர்களை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டது. என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நான் பந்தலடியில்தான் இருந்தேன்.

இருக்கிறவர்களிலேயே மூத்தவள் கருப்பம்மாளை அந்தப் பெண் கேட்டது: "அக்கா, நீங்க போற டாய்லெட் எங்க இருக்கு? கொஞ்சம் காட்டுறீங்களா?"

கருப்பம்மாள் என்ன நினைத்தாள்? அந்தப் பிள்ளைக்கு அவசரம் என்று நினைத்தாள்.

"வாங்கம்மா, வாங்க. ரொம்ப நேரமா அடக்கிட்டு இருந்தீகளாக்கும்." எழுந்து, சுவரோரம் சாத்தியிருந்த கம்பை எடுத்துக்கொண்டாள். இளநீலக் கதவைத் தாண்டி, ஷெட்டைச் சுற்றி, நேராக மரங்களுக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"இந்தா, இந்தப் பாறைக்கு அங்கிட்டுப் போங்க. அட்டை இருக்கும், பாத்து உக்காருங்க. நான் இங்கனயே நிக்கிறேன். மாடு வந்தா சத்தம் குடுப்பேன், வெரசா எந்திரிச்சிரணும்."

ஜென்சி ஷெட்டுப் பக்கம் கையைக் காட்டியது. "அக்கா... அங்க நீலக் கதவு போட்டு ஒண்ணு இருக்கே?"

"அதுவா? அது சாரு கக்கூசு."

"எந்த சாரு?"

"அதான், பிளாஸ்க் சாரு. அவரு வந்தாத்தான் தொறப்பாக. நாம போயி அழுக்காக்கலாமா?"

என் கையிலிருந்த சௌசௌ கீழே விழுந்தது.

வராந்தாவுக்கு வந்து ஜென்சி இதைச் சொன்னபோது, புஷ்பமேரி கொஞ்சமும் பதறவில்லை. பதறுவதற்கு என்ன இருக்கிறது என்றே அவளுக்கு விளங்கவில்லை. அவளுக்குப் பெருமைதான்.

"ஆமாம்மா, சாருக்குன்னுதான் வச்சிருக்கேன். வேற யாரையும் விடுறதில்ல. நானே பினாயில் ஊத்திக் கழுவுறேன். சாவி மாதா படத்துக்குப் பின்னாடி இருக்கு. அவரு வர்றன்னைக்கு வெள்ளனே தொறந்து, புது சோப்புப் போட்டு வச்சிருவேன். டீத்தண்ணிதான் தொடமாட்டேங்குறாரு. இதாச்சும் நம்மளால முடிஞ்சது."

ஷோகேஸில் கப்பு வைத்திருக்கிற வீட்டில் வேறு எப்படி நினைக்க முடியும்? நல்ல பொருள் விருந்தாளிக்கு. நம் வீட்டுப் புதுப் போர்வையில் நாம் படுக்கிறோமா?

பழனிக்குமார் பிளாஸ்க் மூடியைக் கையில் பிடித்தபடியே இருந்தார். யாரிடமும் ஒரு கொய்யாக்கூட வாங்காத மனிதர். மாதா மாதம் ஒரு தனிக் கழிப்பறையைப் பரிசாக வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜென்சி நல்ல பெண். அவரைத் தனியாக எங்கள் பந்தல் பக்கம் கூட்டிவந்து மெதுவாகப் பேசியது. மெதுவாகப் பேசினால் கேட்காது என்பது சென்னைக்காரர்களின் எண்ணம்.

"சார், பூட்டு ரிப்பேர்னு போட்டுக்கலாம். ஒரு வாரம் டைம் குடுப்போம், தொறந்துவிட்டுருவாங்க. நீங்க அங்க போனது, அவங்க உங்களுக்குன்னு வச்சது எல்லாம் ரிப்போர்ட்டுல வர வேண்டாம். வந்தா ஆர்டரையே நிறுத்துவாங்க. உங்களையும் இங்கிருந்து தூக்கிருவாங்க."

வராந்தாவில் புஷ்பமேரி ஆறிய கப்பை எடுத்துவிட்டு வேறு டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வராந்தாவை விட்டால் அவருக்கு இந்த மலையில் உட்கார வேறு இடமில்லை. அது எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா?

"பொம்பளைங்க கம்பத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிருக்காங்க மேடம்," என்றார் கடைசியில். "நான் கண்ணாடியப் பாத்துத் தலை சீவிட்டு வந்திருக்கேன். நடந்தத நடந்தபடியே எழுதிக்கிறேன்."

எழுதினார். ஆர்டர் நின்றது.

சேதி வந்த அன்று, புஷ்பமேரி மாடிப்படி ஏறிப் போய் அவர் கதவைத் தட்டினாள். தெருவே நின்று பார்த்தது. உள்ளே வரச் சொன்னார், அவள் போகவில்லை.

"ஒரு வாய் தண்ணி தொடாத மனுசன், நம்மள விட்டுக்குடுக்கமாட்டாருன்னு நெனச்சேன். என் பொழப்புல இப்படி மண்ணப் போட்டுட்டீகளே சார்!"

"தொட்டுட்டேங்க. அதாங்க எழுதுனேன்."

"என்னத்தத் தொட்டீக? ஒரு சோப்பு. மூணு வெரக்கட சோப்பு!"

"அந்தப் பொம்பளைங்களுக்கு உள்ளதுங்க அது."

"பெரிய நாயஸ்தரு," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கடைசிப் படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "அவன் கப்பலு இப்ப எங்கன நிக்குது?"

அவர் உள்ளே ஓடிப் போனை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

இரண்டு மாதம் சரக்கு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போனது. புஷ்பமேரிக்குச் சந்தை ஒத்துவரவில்லை. சந்தைக் காரட்டை யார் தின்கிறார்களோ, எவர் மகன் தட்டில் விழுகிறதோ. சாயங்காலங்களில் என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, ஒங்க போன்ல அந்தப் புள்ளி வருமா?" எனக்குத் தெரிந்ததையெல்லாம் அழுத்திப் பார்த்தோம். என் போனில் பால்காரர் கணக்கும் தேவாலய வாட்ஸப்பும்தான் வருகின்றன. எதிர் மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "போய்க் கேளேன்டி," என்றேன். "செத்தாலும் கேக்கமாட்டேன்," என்றாள். அவரும் ஜன்னலில் இருந்தார். அந்த நேரத்தில் அவரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் புள்ளியைப் பார்த்தாரோ.

இதற்கிடையில் சாவி மாதா படத்தைவிட்டு இறங்கி, ஷெட்டு நிலைக்கால் ஆணிக்கு வந்திருந்தது. முதலில் ஒருத்தியும் போகவில்லை. டைல்ஸ் வழுக்கும், கண்ணாடி முறைக்கும் என்று ஆளுக்கொரு சாக்கு. கருப்பம்மாள்தான் துணிந்தாள். செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவி, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, ஏதோ ஜப்தி செய்த வீட்டுக்குள் நுழைகிறவளைப் போல நுழைந்தாள். வெளியே வந்து, "உள்ள ஒரு ரோசாப்பூ இருக்குடி, வாசமே இல்ல," என்றாள். அதன் பிறகு வரிசை கட்டிவிட்டார்கள். பிளாஸ்டிக் ரோஜா மறுநாளே காணவில்லை. யார் கொண்டையில் போனதென்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

ஜென்சி மறுபடியும் வந்து, பார்த்து, எழுதிக்கொடுத்தது. காரட் மீண்டும் தூத்துக்குடிக்கு இறங்கியது. பழனிக்குமாரைக் கோயம்புத்தூருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கப்பலாட்களுக்குக் கையுறை தைக்கிற இடங்களைப் பார்க்க வேண்டுமாம்.

கிளம்புகிற அன்று சாயங்காலம், பையைப் பஸ் ஸ்டாண்டு கடையில் வைத்துவிட்டு, பள்ளத்துக்கு இறங்கினார். நான் பந்தலடிக்கு ஓடினேன். முதலில் என் கண்ணில் பட்டது அவர் கழுத்துதான். பிளாஸ்க் இல்லை.

புஷ்பமேரி மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னையோட நான் உங்க ஷெட்டுக்கு ஆளில்லைங்க," என்றார். "இப்ப... இப்ப டீ குடிக்கலாங்க."

அவள் ஊசியை மூட்டையில் குத்திவிட்டு உள்ளே போனாள். வர ரொம்ப நேரமாகவில்லை. ஷோகேஸ் கப்பு இல்லை. வேலைக்காரப் பெண்களுக்குக் கொடுக்கிற எவர்சில்வர் டம்ளரில், ஷெட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீ. அது கோபமா, இல்லை சொந்தமா? என் நாத்தனாரும் நானும் இன்றுவரை சண்டை போடுகிறோம். அவர் இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தார். "நல்லாருக்குங்க," என்றார். போனை எடுத்து அவளிடம் கப்பலைக் காட்டினார். சிங்கப்பூர் பக்கம் வந்துவிட்டதாம். அவள் போனிலும் அந்தப் படத்தை ஏற்றிக் கொடுத்தார். எந்த இடத்தில் தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவள் விரல் வேறெங்கோ தொட்டது. அவர் விரலை அதன் மேல் வைக்கவில்லை. பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. முன்பு பிளாஸ்க் டீக்கே இருட்டும்வரை பேசியவர்கள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. மலை இறங்கணும். அதுக்கு முன்னால..." என்று அவர் தயங்கினார்.

"சாவி ஆணியில இருக்கு. போங்க."

போனார். ஆணியில் சாவி இல்லை. நீலக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வெளியே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அவர் மெல்லச் செருமினார்.

"எவடி அவ? வாரேன் இரு!" என்று உள்ளிருந்து கருப்பம்மாள் சத்தம் போட்டாள். "ஒரு மனுசி நிம்மதியா இருந்திரக் கூடாது."

பழனிக்குமார் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றார். மேகம் பள்ளத்திலிருந்து ஏறி வந்து செருப்பை மறைத்து, அவர் முழங்காலை மறைத்தது. கருப்பம்மாள் அவசரப்படவில்லை. பஸ் ஹாரன் மேலே கேட்டது. அவர் ஒருதரம் கதவைப் பார்த்தார். முகம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், மேகம். திரும்பி, புஷ்பமேரிக்குத் தலையசைத்துவிட்டு, உபயோகிக்காமலே மேடேறிப் போய்விட்டார். பழனிக்குப் போகிற கடைசி பஸ். அத்தனை கொண்டை ஊசி வளைவு. மனிதர் எப்படித் தாங்கினாரோ.

மாடி வீட்டு வாசலில் டு-லெட் பலகை தொங்குகிறது. வீட்டுக்காரர் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாதிக்கு மேல் இருக்கிறது என்றார். புஷ்பமேரி சாயங்காலமானால் வராந்தாவில் தனியாக உட்கார்ந்து போனைத் தொடுகிறாள், கண்ணாடியைத் துடைக்கிறாள், மறுபடி தொடுகிறாள். நான் பந்தலடியில் நிற்கிறேன். சௌசௌ காய்ப்பு முடிந்து கொடி காய்ந்துவிட்டது. ஆனாலும் நிற்கிறேன்.

அந்த வீட்டுக்கு யாராவது வந்தால் நல்லது. என்ன வேலை பார்த்தாலும் சரி. கேக் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் போதும்.